காசிமாயன் வாங்கிய நான்கு ஸ்கூட்டர்கள்

அரசாங்கக் கம்ப்யூட்டர் சொல்வதை நம்பினால், சோழவந்தான் காசிமாயன் நான்கு ஸ்கூட்டர்களுக்குச் சொந்தக்காரர். நான்கும் சிவப்பு. நான்கிலும் பின்பக்கம் இரண்டு துணைச் சக்கரங்கள். கம்ப்யூட்டரை விட்டுவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஓர் ஊன்றுகோல் இருக்கும். அதன் அடியில் இருந்த ரப்பரும் போன ஆடி மாதம் கழன்று விழுந்துவிட்டது.

காசிமாயனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே 2021-இல் போனது. பின்னோக்கி வந்த செங்கல் லாரிக்குப் பின்னால் நின்றது காசிமாயன் செய்த தவறு என்று லாரிக்காரர் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னார். அதுவரை காசிமாயன் கொடிக்காலில் வெற்றிலை வாங்கிக் கட்டு கட்டி, மதுரை வில்லாபுரம் பக்கம் பதினொரு கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கால் போன பிறகு கூடையை மனைவி முத்துத்தாய் தலையில் ஏற்றிக்கொண்டாள். நான்கு வருடம் ஓடியது. இந்த வருடம் டாக்டர் அவள் கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்து, தலையில் இனி ஒரு சொம்புத் தண்ணீர்கூட வைக்கக் கூடாது என்றார்.

கடைக்காரர்கள் தங்கமானவர்கள். தை பிறக்கும் வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். தையில் கல்யாண சீசன். அப்போது இலை நேரத்துக்கு வரவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். பொறுமைக்கும் தேதி போட்டுத் தருவதுதான் நல்ல வியாபாரியின் அடையாளம். ஆகவே காசிமாயனுக்குத் தைக்குள் ஒரு ஸ்கூட்டர் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் ஸ்கூட்டருக்கு எழுதிப்போட்டார். கிடைத்துவிட்டது. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

முன்பெல்லாம் உதவி வாங்குகிறவரை ஒரே ஒரு படம்தான் எடுப்பார்கள். எங்கோ ஓர் ஊரில் ஒருவர் மீசையோடு ஒரு தையல் மிஷினும், மீசையை எடுத்துவிட்டு இன்னொரு தையல் மிஷினும் வாங்கிவிட்டாராம். அன்று முதல் மேடை ஏறும் ஒவ்வொரு பயனாளியையும் நான்கு கோணத்தில், நான்கு கேமராவால், நான்கு வேறு ஆட்கள் படம் எடுக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்தப் படங்களைச் சரிபார்க்க ஓர் அலுவலகமும் வந்தது. மாவட்டப் பயனாளிகள் ஒளிப்படச் சான்று ஒத்திசைவுப் பிரிவு. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போனதால், ஒரு ஜன்னலை மூடி அதன்மேல் ஆணி அடித்தார்கள். ஜனங்கள் சுருக்கமாகப் போட்டோ ஆபீஸ் என்பார்கள்.

விழா செப்டம்பர் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை. அழைப்பிதழில் காலை பத்தரை என்று இருந்தது. இருபத்து நான்கு பயனாளிகளையும் எட்டரைக்கே கொண்டுவந்து வெயிலைப் பார்க்க உட்காரவைத்தார்கள். சிறப்பு விருந்தினர் ஒன்றே காலுக்கு வந்து சேர்ந்தார். ஒன்றரைக்கு ராகு காலம். இருந்த கால் மணி நேரத்தில் பொன்னாடைகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியது போக, மேடையில் ஒரே ஒருவருக்குச் சாவி கொடுக்கத்தான் நேரம் இருந்தது.

போட்டோ ஆபீஸின் தலைவர், நேர ஒருங்கிணைப்பு அலுவலர் சூர்யபிரகாஷ், வரிசையை ஒரு நோட்டம் விட்டுக் காசிமாயனிடம் வந்து நின்றார்.

"உங்க முகத்துல ஒரு நன்றி தெரியுது. நீங்க மேல வாங்க."

ஐந்து மணி நேர வெயிலில் காசிமாயனின் கண்கள் இடுங்கி நீர் கோத்திருந்தன. அதைத்தான் சூர்யபிரகாஷ் நன்றி என்று படித்தார். கையில் அப்போதுதான் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலம். அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பேர் தாங்க மேலே ஏறினார். பட்டு ரிப்பன் கட்டிய சாவி கைக்கு வந்தது. நான்கு கேமராவும் மின்னின. கீழே இறங்கியதும் எவர்சில்வர் தட்டோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார். அலுவலக உதவியாளர் பாண்டிச்செல்வி.

"சாவியத் தட்டுல போடுங்கண்ணே."

"என் வண்டிச் சாவி இல்லையா தாயி இது?"

"இது மேடைச் சாவி. எங்க ஆபீஸ் பீரோவோடது. அஞ்சு வருசமா இதத்தான் எல்லாருக்கும் குடுத்துக் குடுத்து வாங்குறோம்."

"அப்ப வண்டி?"

"கீழ நின்னு வாங்குறவங்களுக்கு உடனே. மேடையில வாங்குனவங்களுக்கு நாலு போட்டோவும் கம்ப்யூட்டர்ல ஏறி, சரின்னு பச்சை விழுகணும். அப்புறந்தான்."

மேடை ஏறும் பாக்கியம் கிடைக்காத இருபத்து மூன்று பேரும் அன்று மூன்று மணிக்குள் அவரவர் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் காசிமாயனின் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் கொண்டுபோய்விட்டார்.

அடுத்த வாரம் காசிமாயன் போட்டோ ஆபீஸுக்குப் போனார். பாண்டிச்செல்வி திரையைப் பார்த்தார், காசிமாயனைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"அண்ணே, நாலு வண்டி வாங்கியிருக்கீங்களே."

"நான் பஸ்சுல வந்திருக்கேன்மா."

"எதுல வந்தீங்கன்னு நான் கேக்கல. பதினொண்ணாந் தேதி பத்து நாப்பத்திரண்டுக்கு ஒண்ணு வாங்கியிருக்கீங்க. ஒண்ணு இருபதுக்கு ஒண்ணு. மூணு அம்பதுக்கு இன்னொண்ணு. இது போக ரெண்டாயிரமாவது வருசம் ஜனவரி ஒண்ணாந் தேதி, வருசம் பொறந்து எட்டாவது நிமிசம், ஒண்ணு."

"ரெண்டாயிரத்துல எனக்குக் கல்யாணமே ஆகலையே."

"கல்யாணம் ஆகல. வண்டி வாங்கிட்டீங்க."

சூர்யபிரகாஷ் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மரியாதையில் அந்த அலுவலகத்தில் குறை சொல்ல முடியாது.

"இங்க பாருங்க, ஒருத்தருக்கு ஒரு வண்டிதான் விதி. கூடுதலா வாங்குன மூணையும் ஒப்படைச்சிருங்க. ஒப்படைச்ச ரசீதக் கொண்டாந்தீங்கன்னா உங்க ஒரு வண்டிய அன்னைக்கே குடுத்துருவோம். நாங்க மக்களக் கஷ்டப்படுத்த இங்க உக்காரல."

"வாங்காத வண்டிய எப்பிடி சார் ஒப்படைக்க?"

"அத வாங்குறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். முத்துத்தாய் கழுத்தில் பட்டை போட்டபடி வெற்றிலையை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாலு வண்டி வச்சிருக்கிற மகராசன், இந்தக் கூடையக் கொஞ்சம் நகட்டி வையுங்க," என்றாள்.

தை வரை பொறுப்பதாகச் சொன்ன பதினொரு கடை அதற்குள் ஏழாகியிருந்தது.

கம்ப்யூட்டரில் ஏறிய நான்கு படங்களையும் பாண்டிச்செல்வி காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். ஒன்றின் மூலையில் ஒரு ஸ்டுடியோவின் பெயர் இருந்தது. அதை வைத்துக் காசிமாயன் காஜிமார் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஷாகிரைக் கண்டுபிடித்தார். ஷாகிருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாண வீடுகளில் நாலைந்து கேமரா வைத்து எடுத்துப் பழகியவர். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார். காசிமாயன் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, இது ஒண்ணுமே இல்ல. ஒவ்வொரு கேமராவுக்கு உள்ளயும் ஒரு கடிகாரம் ஓடும். படம் எடுத்த நேரம் அதுபாட்டுக்குப் படத்தோட ஒட்டிக்கும். ஒண்ணு இருபதுன்னு இருக்கே, அது என் கேமரா. அதான் சரியான நேரம். மூணு அம்பது எங்க ஜெயபாண்டி எடுத்தது. அவன் மச்சான் கோலாலம்பூர்ல இருந்து கொண்டாந்த கேமரா. அந்த ஊரு நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. கேமராவுல எல்லாம் சீன எழுத்து. ஒருக்கா நேரத்த மாத்தப் போயி படமெல்லாம் கருப்பு வெள்ளையா வந்துச்சு. அதுல இருந்து தொட மாட்டான்."

"ரெண்டாயிரமாவது வருசம்?"

"அது போட்டோ ஆபீசோட சொந்தக் கேமரா. வாட்ச்மேன் நல்லகாமன் எடுத்தது. உள்ள இருக்கிற சின்ன பேட்டரி செத்துப் போச்சு. அதனால பெரிய பேட்டரியக் கழட்டி மாட்டுனா, அது பொறந்த நாளுக்கே போயி முதல்ல இருந்து எண்ண ஆரம்பிக்கும். எட்டு நிமிசம் முன்னாடி மாட்டியிருப்பாரு."

"அப்ப பத்து நாப்பத்திரண்டு?"

ஷாகிர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "அது அரசுப் போட்டோகிராபர் சோணைமுத்து அண்ணன். அவரையே கேட்டுக்கங்க. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

பிறகு நான்கு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"கல்யாணத்துல நாங்க எப்பிடிச் சேர்ப்போம் தெரியுமா? எல்லாக் கேமராவுலயும் விழுந்த ஒரே சங்கதியப் பிடிப்போம். மோதிரம் போடுற நிமிசம், மாலை விழுகிற நிமிசம். இதுல பாருங்க, நாலு படத்துலயும் சிறப்பு விருந்தினர் கொட்டாவி விடுறாரு. வாய் ஒரே அளவு திறந்திருக்கு. ஒரு மனுசன் ஒரே கொட்டாவிய நாலு தடவை, அதுல ஒண்ணு இருபத்தஞ்சு வருசம் முன்னாடி, விட முடியுமா? நாலும் ஒரே நொடி. மத்த மூணையும் என் நேரத்துக்கு இழுத்துவிட அஞ்சு நிமிசம் போதும். நானே வாரேன், வாங்க."

ஷாகிர் வயிற்றுப்பிழைப்புக்குப் படம் எடுப்பவர், அலுவலகங்களைப் பற்றி அதிகம் தெரியாது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சூர்யபிரகாஷ் நான்கு படங்களையும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"கொட்டாவியா? எங்க இருக்கு கொட்டாவி?"

"இந்தா சார். நாலுலயும்."

"அது வாழ்த்து. விருந்தினர் பயனாளியை உணர்ச்சி பொங்க வாழ்த்தினார்னு செய்திக்குறிப்புல போயிருச்சு. கொட்டாவி விட்டார்னு கோப்புல எழுதச் சொல்றீங்களா? அத எழுதிட்டு நான் எந்த ஊருக்குப் போறது?"

"சரி சார், வாழ்த்துன்னே வச்சுக்குவோம். நாலு வாழ்த்தும் ஒரே வாழ்த்துதான்னு எழுதுங்க. நேரத்த மட்டும் திருத்திரலாம்."

"தம்பி, அரசுப் படத்துல நேரத்தத் திருத்துறது சாட்சியத்தக் கலைக்கிற குத்தம்."

காசிமாயன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அரசுக் கேமராவுல மட்டும் பத்து நாப்பத்திரண்டுன்னு இருக்கே சார். நமக்கே தெரியும், அவுக வந்தது ஒண்ணே காலுக்கு."

சூர்யபிரகாஷுக்குக் கோபம் வரவில்லை. விளக்கம் கேட்கிறவர்களை அவருக்குப் பிடிக்கும்.

"நல்ல கேள்வி. விழா பத்தரைன்னு அழைப்பிதழ்ல அச்சடிச்சாச்சு. இறைவணக்கத்துக்குப் பன்னெண்டு நிமிசம். அப்ப சாவி குடுக்கிறது பத்து நாப்பத்திரண்டு. அரசுக் கேமராவ அதுக்குத் தகுந்த மாதிரி வச்சுக்கிறோம். எல்லா விழாவுக்கும் அப்பிடித்தான். இதுல திருத்தம் எதுவும் இல்ல. நாங்க அச்சடிச்சதுக்கு அப்புறம் நேரம் அதுபாட்டுக்கு மேல போச்சுன்னா, அதுக்கு நாங்க பொறுப்பாக முடியுமா?"

முடியாது என்று இருவருமே ஒப்புக்கொண்டார்கள்.

"நீங்க கவலைப்படாதீங்க. இதுக்கு ஒரு கூட்டம் போட்டுருவோம்," என்றார் சூர்யபிரகாஷ்.

கூட்டம் தீபாவளிக்குப் பிறகு, நவம்பரில் கூடியது. நான்கு புகைப்படக்காரர்களும் நான்கு நாற்காலியில். காசிமாயன் ஐந்தாவது நாற்காலி இல்லாததால் கதவில் சாய்ந்து நின்றார். சூர்யபிரகாஷ் தலைமையுரை ஆற்றினார்.

"நேரம்ங்கிறது பொதுச் சொத்து. ஆளுக்கொரு நேரம் வச்சுக்கிட்டா நிர்வாகம் பண்ண முடியாது. எது உண்மையான நேரம்னு கண்டுபிடிக்க நாம இங்க கூடல. அது விஞ்ஞானிங்க வேலை. நமக்கு வேண்டியது ஒத்துப்போற நேரம். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்குடுங்க."

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் மாட்டுச் சந்தை என்றுதான் நினைத்திருப்பார்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசவில்லை, அவ்வளவுதான்.

"நான் ஒரு மணி நேரம் குறைச்சுக்கிறேன் சார்," என்றார் ஜெயபாண்டி. "அதுக்கு மேலன்னா மச்சானக் கேக்கணும். அவன் ஊருல அது சரியான நேரம். தப்புன்னு சொன்னா வருத்தப்படுவான்."

"அப்ப நான் கால் மணி ஏத்திக்கிறேன்," என்றார் சோணைமுத்து. "அதுக்கு மேல ஏத்தணும்னா எழுத்துல உத்தரவு குடுங்க. நாளைக்கு நான்தான் தனியா நிக்கணும்."

"மாப்ள, ஒரு மணி நேரம் குறைச்சாலும் ரெண்டு அம்பது. நீ இன்னும் ஒண்ணரை மணி எறங்கணும்," என்றார் ஷாகிர்.

"நீ ஒரு நிமிசமாச்சும் எறங்குனியாடா? நான் மட்டும் எறங்கிக்கிட்டே இருக்கணுமா?"

"நான் சரியான நேரத்துல இருக்கேன். எதுக்கு எறங்கணும்?"

"இதான் பிடிவாதம்," என்றார் சூர்யபிரகாஷ். கூட்டக் குறிப்பில் ஷாகிர் ஒத்துழைக்கவில்லை என்று பாண்டிச்செல்வி எழுதிக்கொண்டார்.

வாட்ச்மேன் நல்லகாமனின் முறை வந்தது. "நான் எம்புட்டு வேணும்னாலும் ஏத்திக்கிறேன் சார். இருபத்தஞ்சு வருசமும் ஏத்திக்கலாம். ஆனா பேட்டரியக் கழட்டுனா திரும்பவும் கீழ போயிரும். உள் பேட்டரிக்கு மூணு தடவை எழுதிப்போட்டோம். கேமரா ரெண்டாயிரத்துல படம் எடுத்திருக்கு, அம்புட்டுப் பழைய கேமராவுக்கு உதிரி வாங்க விதி இல்லைன்னு பதில் வந்துச்சு."

கதவில் சாய்ந்திருந்த காசிமாயன் தொண்டையைச் செருமினார்.

"சார், எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கு. ஒரு மணிக்கு மேலதான் சாப்பாட்டுப் பொட்டலமே குடுத்தாங்க. காலையில இருந்து பட்டினி. அதப் பிரிக்கையிலதான் நீங்க மேல கூப்பிட்டீங்க. அதனால ஒண்ணு இருபதுதான் சார் சரி."

"பசியெல்லாம் சான்று ஆகாதுங்க," என்றார் சூர்யபிரகாஷ் அன்பாக.

மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியது. யாருடைய மனமும் புண்படாத வழி ஒன்றை அவர் கண்டுபிடித்தார். நான்கு நேரத்தையும் கூட்டி நான்கால் வகுத்துவிடுவது. யாரும் தோற்கவில்லை, யாரும் ஜெயிக்கவில்லை. பாண்டிச்செல்வி கம்ப்யூட்டரில் தட்டினார். ஒரு நொடியில் விடை வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். காசிமாயன் ஸ்கூட்டர் பெற்றுக்கொண்ட அதிகாரப்பூர்வமான நேரம்: 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 10, விடியற்காலை நான்கு மணி.

இரண்டு வாரத்தில் பதிவுத் தபால் ஒன்று சோழவந்தானுக்கு வந்தது. அதைப் பிரித்துப் படித்துச் சொல்ல ஆள் தேடிக் காசிமாயன் பத்திர எழுத்தர் வரை போனார். எழுத்தர் இரண்டு முறை படித்துவிட்டு, அண்ணே இதுல நான் தலையிட முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காசிமாயன் போட்டோ ஆபீஸில் நின்றார்.

"சிக்கல் ரெண்டு," என்றார் சூர்யபிரகாஷ். "முதல் சிக்கல். 2019 ஏப்ரல் பத்துல உங்களுக்குக் கால் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு சார்."

"ரெண்டும்?"

"ரெண்டும் சார். இருபத்தொண்ணுலதான் போச்சு."

"ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு மாற்றுத்திறனாளி வண்டிய எதுக்கு வாங்குனீங்க?"

"நான் வாங்கலையே சார்."

"கூட்டத்துல நீங்களும் இருந்தீங்க. ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லல. ரெண்டாவது சிக்கல் இன்னும் பெருசு. ஏப்ரல் பதினெட்டு ஓட்டுப்பதிவு. பத்தாந் தேதி நடத்தை விதி அமல்ல இருக்கு. அந்த நேரத்துல, விடியக்காலம் நாலு மணிக்கு, ஊரே தூங்கையில, வாக்காளருக்கு வண்டி குடுத்திருக்காங்க. நீங்களும் சத்தமில்லாம வாங்கியிருக்கீங்க. குடுத்தது தப்பு. அதவிட வாங்குனது பெரிய தப்பு."

காசிமாயன் ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அந்த ஏப்ரலில் இரண்டு காலோடு தான் எங்கே நின்றோம் என்று நினைத்துப் பார்த்தார். விடியற்காலை நான்கு மணி என்றால் கொடிக்காலுக்கு இலை வாங்கப் போயிருப்பார். கடகடவென்று நடந்து.

"இதுக்கு என்ன சார் வழி?"

"நீங்க நேர்மையா ஒத்துக்கிட்டதால சொல்றேன். இன்னொரு தடவை வாங்கிருங்க."

அதற்குப் பெயர் மறுவழங்கல் நிகழ்வு. இந்த முறை நான்கு கேமராவையும் முன்கூட்டியே ஒரே நேரத்துக்கு வைத்துவிடுவது. ஒரே சமயத்தில் படம் எடுப்பது. பழையதை அழித்துப் புதியதை ஏற்றுவது. உத்தரவு வர டிசம்பர் முடிந்துவிட்டது. முத்துத்தாய் கழுத்துப் பட்டையோடு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைகளுக்குப் போய்வந்தாள். கடைகள் நான்காகியிருந்தன. ஜனவரி எட்டாம் தேதி வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். தை பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது.

"அன்னைக்குப் போட்ட அதே நீலச் சட்டையில வாங்க," என்று பாண்டிச்செல்வி போனில் சொல்லியிருந்தார். முத்துத்தாய் அதைத் துவைத்துப் பெட்டி போட்டுக் கொடுத்தாள்.

அலுவலக முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சிவப்பு ஸ்கூட்டர் நான்கு மாதம் வெயிலில் நின்று, வெளுத்த சிவப்பாகியிருந்தது. ஒரு டயரில் காற்று இல்லை. அந்தப் பக்கம் ஒரு செங்கல்லைக் கொடுத்து நிமிர்த்தி, மாலை போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினருக்கு வேறு ஊரில் வேலை இருந்ததால், ஆள் உயரத்துக்கு அவருடைய உருவத்தை வெட்டி நிறுத்தியிருந்தார்கள். நீட்டிய கையில் பீரோ சாவி தொங்கியது. இந்த முறை வாய் மூடியிருந்தது.

முதலில் நேரம் வைக்கும் சடங்கு. ஆபீஸ் சுவர்க்கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. சூர்யபிரகாஷின் கைக்கடிகாரம் பத்து நிமிடம் அதிகம் ஓடும். நேரம் தவறாமைக்காக அவரே அப்படி வைத்திருந்தார்.

"என் போன்ல பாத்து வச்சிரலாம் சார்," என்றார் ஷாகிர்.

"போன்ல இருக்கிறது கம்பெனிக்காரன் நேரம். அரசு நிகழ்ச்சிக்கு அது ஆகாது." சூர்யபிரகாஷ் செப்டம்பர் மாத அழைப்பிதழை எடுத்தார். "நாலு கேமராவுலயும் செப்டம்பர் பதினொண்ணு, காலை பத்து நாப்பத்திரண்டுன்னு வைங்க."

ஜெயபாண்டி சீன எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி அழைத்துவந்திருந்தார். நல்லகாமன், பேட்டரி கழன்றுவிடக் கூடாதென்று கேமராவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். ஷாகிர் மட்டும் கேமராவின் பொத்தானைத் தொடாமல் நின்றார்.

"என்ன தம்பி?"

"இருந்ததுலயே என் கேமரா ஒண்ணுதான் சார் சரியான நேரம் காட்டுச்சு. இன்னைக்கு அதையும் பொய்யா மாத்தச் சொல்றீங்க."

"ஒருத்தன் மட்டும் சொன்னா அது பொய்யா இருக்கலாம். நாலு பேரும் ஒண்ணு போலச் சொன்னா அதுக்குப் பேரு ஒத்திசைவு. இதுக்குத்தான் தம்பி இந்த ஆபீஸே இருக்கு."

ஷாகிர் காசிமாயனைப் பார்த்தார்.

"பாய், வையுங்க," என்றார் காசிமாயன். "எனக்கு வண்டி வந்தாப் போதும்."

ஷாகிர் வைத்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று சூர்யபிரகாஷ் எண்ணினார். காசிமாயன் அட்டைக் கையிலிருந்து சாவியை எடுத்தார். நான்கு கேமராவும் ஒரே மின்னலாக மின்னின. பாண்டிச்செல்வி படங்களை அங்கேயே கம்ப்யூட்டரில் ஏற்றினார். எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள். நான்கு படம், ஒரே நாள், ஒரே நேரம். சக்கரம் ஒன்று சுற்றிச் சுற்றி, கடைசியில் பச்சை விழுந்தது. 'பயனாளி: காசிமாயன். ஸ்கூட்டர்: ஒன்று. நிலை: வழங்கப்பட்டது.'

முற்றத்தில் கைதட்டினார்கள். நல்லகாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாவட்டத்தில் நான்கு படமும் நொடி பிசகாமல் பொருந்தியது இதுவே முதல் தடவை என்று சூர்யபிரகாஷ் சொன்னார். எல்லோருக்கும் மிக்சரும் டீயும் வந்தன.

பாண்டிச்செல்வி தட்டை நீட்டினார். காசிமாயன் மேடைச் சாவியைப் போட்டார்.

"வண்டிச் சாவி தாயி?"

பாண்டிச்செல்வி திரையைப் பார்த்தார். "வண்டி இருப்புல இல்லைண்ணே."

"அந்தா நிக்குதே."

"நிக்குது. பச்சை விழுந்த உடனே இருப்புல இருந்து கழிஞ்சிருச்சு. இருப்புல இல்லாத வண்டிக்கு நான் எப்பிடிச் சீட்டுப் போடுறது? சீட்டு இல்லாம வாட்ச்மேன் கேட்ட விட்டு வெளிய விட மாட்டாரு."

மிக்சர் பொட்டலத்தோடு இருந்த நல்லகாமன், விட முடியாதுதான் என்று வருத்தத்தோடு தலையாட்டினார்.

காசிமாயன் சூர்யபிரகாஷிடம் போனார். "சார், வண்டி இன்னும் குடுக்கல."

"குடுத்தாச்சே."

"இல்ல சார். என் கையில இல்ல."

"நாலு மாசம் பாடுபட்டு நாலு கேமராவையும் ஒரே வார்த்தை பேச வச்சிருக்கோம். முன்ன ஆளுக்கொண்ணு சொல்லுச்சு, அப்ப உங்க பேச்சயும் கேக்க ஒரு இடம் இருந்துச்சு. இப்ப நாலு சாட்சியும் செப்டம்பர்லயே நீங்க வாங்கிட்டதாச் சொல்லுது. நீங்க ஒரு ஆளு இல்லைங்கிறீங்க. நான் யாரை நம்புறது, சொல்லுங்க?"

"அப்ப அந்த வண்டி யாருது சார்?"

"அது இனிமே யாருதும் இல்ல. மேடைச் சாவி இருக்கிற மாதிரி மேடை வண்டின்னு ஒண்ணு நமக்கு ரொம்ப நாளா தேவைப்பட்டுச்சு. நாளைக்கு அலங்காநல்லூர்ல ஒரு விழா இருக்கு." அவர் காசிமாயனின் தோளைத் தட்டினார். "எல்லாம் உங்க ஒத்துழைப்பாலதான்."

ஷாகிர் கேமராவைப் பையில் போட்டு, காசிமாயனைத் தன் பைக்கில் ஏற்றிப் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது கேமராவை எடுத்து நேரத்தைச் சரிசெய்யப் பார்த்தவர், எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

காசிமாயன் நிழற்குடையில் உட்கார்ந்தார். போனில் அரசாங்கச் செய்தி வந்திருந்தது. பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தங்களுக்கு ஸ்கூட்டர் வழங்கப்பட்டதற்கு வாழ்த்துகள். குறைகள் ஏதேனும் இருந்தால் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும் என்று அவள் படித்தாள். பெற்றுக்கொண்ட நாள் செப்டம்பர் பதினொன்று என்றும் இருந்தது.

"வண்டி வாங்கிட்டீங்களா அங்கிள்? கங்கிராட்ஸ்."

"ஆமாம்மா," என்றார் காசிமாயன்.

ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி அலங்காநல்லூர்ப் பக்கம் போகும் ரோட்டில் திரும்பியது. அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய சிவப்பு ஸ்கூட்டர். மாலையைக் கழற்றாமலே ஏற்றியிருந்தார்கள். செங்கல்லையும் மறக்காமல் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

போன் அடித்தது. முத்துத்தாய்.

"வில்லாபுரத்துல இருந்து போன் வந்துச்சு. தையில இருந்து இலை உண்டுமா இல்லையான்னு நாலு கடைக்காரவுகளும் கேக்குறாக. நான் என்ன சொல்ல? வண்டி குடுத்துட்டாகளா?"

"குடுத்துட்டாக."

"அப்பாடா. அப்ப வண்டியிலயா வாரீக?"

"இல்ல," என்றார் காசிமாயன். "நாலே கால் பஸ்சுல வாரேன்."